காப்பி லோஷன்ல கருப்பு புள்ளி: இமல்சிஃபையர முடிவு பண்ணிட்டு அப்புறம் ப்ரிசர்வேட்டிவ பாருங்க

அக்கா, நீங்க கேட்டத மத்தவங்களுக்கும் புரியற மாதிரி சுருக்கிடறேன். ஏற்காட்டு காப்பிக்கொட்டைய வெச்சு அடிவாரத்துல ஒரு ஷெட்ல குழுவா சேந்து பாடி லோஷன் பண்றீங்க. தேங்காயெண்ணெய் 15%, இமல்சிஃபையிங் வேக்ஸ் 5%, தண்ணிக்கு பதிலா பாதி காப்பி டிகாஷன் பாதி போர் தண்ணி, ப்ரிசர்வேட்டிவா சோடியம் பென்சோயேட் 0.5%, கூட வைட்டமின் ஈ. மேல ஏரிக்கரை கடைல வெச்ச டப்பாவுல சில வாரத்துலயே மூடிக்கு அடில கருப்பு புள்ளி, கீழ சேலம் அஞ்சு ரோடு பக்கம் குடுத்த டப்பாவுல எண்ணெய் பிரிஞ்சு மேல நிக்குது. எந்த ப்ரிசர்வேட்டிவ் (கிருமி வளராம காக்கறது) ஸ்ட்ராங், எந்த இமல்சிஃபையர் (எண்ணெயையும் தண்ணியையும் சேத்து புடிச்சு வெக்கறது) நல்லது, கெமிக்கலே இல்லாம பண்ண முடியுமா, ஹேர் கண்டிஷனருக்கு எத போடறது, இதான் கேள்வி.

மொதல்ல ஒண்ணு, புள்ளி வந்த டப்பாவ மட்டும் இல்லைங்க, அந்த பேட்ச்ல புள்ளி வராத டப்பாவையும் திருப்பி வாங்கி கொட்டிடுங்க. மேலாப்ல வழிச்சு எடுத்துட்டு கூட கொஞ்சம் ப்ரிசர்வேட்டிவ் கலந்து சூடு பண்ணி திரும்ப அடைக்கலாம்னு யாராச்சும் சொல்லுவாங்க, கேக்காதீங்க. பூஞ்சை கண்ணுக்கு தெரியுது, பாக்டீரியா தெரியாது, சூடோமோனாஸ் மாதிரி ஒண்ணு ஒரு க்ரீம்ல லட்சக்கணக்குல இருந்தாலும் நிறம், வாசனை எதுவும் மாறாம இருக்கலாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். நீங்க கேட்ட மாதிரி ஸ்ட்ராங்கான ப்ரிசர்வேட்டிவ்னு தனியா ஒண்ணு எடுத்து காட்ட முடியாது, ஏன்னா அதே பவுடர் ஒரு டப்பாவுல வேலை செய்யும் இன்னொரு டப்பாவுல சும்மா கெடக்கும். அது எதுல போய் விழுதுங்கறதப் பொறுத்தது, அதாவது என்ன இமல்சிஃபையர், அந்த இமல்சிஃபையர் எந்த பிஎச்ல (பிஎச்னா புளிப்பு அளவு, நம்பர் கம்மியானா புளிப்பு ஜாஸ்தி) நிக்கும், எண்ணெய் எவ்வளவு, தண்ணில என்னென்ன கரைஞ்சிருக்கு. அதனால வரிசை இப்படி வெச்சுக்கோங்க: இமல்சிஃபையர், அப்புறம் பிஎச், கடைசியா ப்ரிசர்வேட்டிவ். பெரும்பாலானவங்க தலைகீழா போறாங்க, கடைல ப்ரிசர்வேட்டிவ் பாட்டில வாங்கிட்டு வந்துட்டு அப்புறம் க்ரீம் யோசிக்கறாங்க.

உங்க பென்சோயேட்டையே எடுத்துக்கலாம். சோடியம் பென்சோயேட் அந்த உப்பு வடிவத்துல பூஞ்சைய ஒண்ணும் பண்ணாது. தண்ணில கரைஞ்சு அமிலச் சூழல்ல பென்சோயிக் ஆசிடா மாறணும், மாறினாத்தான் அது கிருமியோட செல்லுக்குள்ள நுழையும். எவ்வளவு மாறும்ங்கறது முழுக்க பிஎச் கையில இருக்கு. பிஎச் 4.2ல பாதிக்கு பாதி ஆசிடா இருக்கும். 5க்கு வந்தா கிட்டத்தட்ட 14% தான். 5.5ல 5%க்கும் கொஞ்சம் கீழ. 6ல ஒண்ணரை சதவீதம். 6.5ல அரை சதவீதம். நீங்க போட்ட 0.5% பென்சோயேட்ல ஆசிட் கணக்கு 0.42% தான் வரும், அதுல அரை சதவீதம்னா பாத்துக்கோங்க, இருக்கா இல்லையான்னு தேடணும். பிஎச் அளந்தீங்களான்னு கேள்வில எங்கயும் சொல்லல, அளக்கலன்னு தான் நினைக்கறேன். போர் தண்ணில பைகார்பனேட் இருந்தா டிகாஷனோட புளிப்பையும் அது தின்னுட்டு பிஎச்ச மேல தூக்கி வெச்சிரும், அப்ப உங்க லோஷன்ல நெஜத்துல ப்ரிசர்வேட்டிவே இல்லைன்னு தான் அர்த்தம்.

அப்ப சிட்ரிக் ஆசிட் போட்டு பிஎச்ச 4.5க்கு இறக்கிட்டா முடிஞ்சுதான்னு கேப்பீங்க. இங்க தான் இமல்சிஃபையர் குறுக்க வருது. இமல்சிஃபையர்ல சோப்பு வகை ஒண்ணு இருக்கு. பழைய வேனிஷிங் க்ரீம் முறைல ஸ்டியரிக் ஆசிட்ட காஸ்டிக் பொட்டாஷோ ட்ரைஎத்தனாலமைனோ போட்டு கொஞ்சம் சோப்பாக்கி அந்த சோப்பே எண்ணெயையும் தண்ணியையும் புடிச்சு வெக்கும். தேன்மெழுகு-போராக்ஸ் கோல்ட் க்ரீமும் இதே கதை தான், மெழுகுல இருக்கற ஆசிட்டோட போராக்ஸ் சேந்து சோப்பாகுது, வெறும் தேன்மெழுகு இமல்சிஃபையரே கிடையாது. இந்த சோப்பு வகையெல்லாம் பிஎச் 7க்கு மேல தான் ஒழுங்கா நிக்கும். ஆசிட் ஊத்தினா சோப்பு திரும்ப கொழுப்பு அமிலமா மாறிரும், க்ரீம் திரிஞ்சு போயிரும். ஆக இந்த மாதிரி க்ரீமுக்கு பென்சோயேட்டும், அதே மாதிரி அமிலத்துல வேலை செய்யற சார்பேட்டும் எந்தக் காலத்துலயும் ஒத்து வராது. பிஎச்ச ஏத்தி வெச்சா ப்ரிசர்வேட்டிவ் செத்துரும், இறக்கினா க்ரீம் செத்துரும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, கடைல நிறைய பேர் மாட்டறது இதுலதான். ஜிஎம்எஸ்னு கேட்டா மூணு விதமா குடுப்பாங்க, மூணும் வெள்ளையா செதில் செதிலா ஒரே மாதிரி இருக்கும். வெறும் ஜிஎம்எஸ், அதாவது கிளிசரைல் மோனோஸ்டியரேட், தனியா எண்ணெய தண்ணிக்குள்ள புடிச்சு வெக்காது, கெட்டித்தன்மைக்கு உதவும் அவ்வளவுதான். ரெண்டாவது எஸ்இ கிரேடு, தானா இமல்சிஃபை ஆகும்னு சொல்லி குடுப்பாங்க, ஆகும், ஆனா எப்படி ஆகுதுன்னா உள்ள பொட்டாசியம் ஸ்டியரேட் மாதிரி சோப்பு சேத்திருப்பாங்க, ஆசிட் பக்கம் கொண்டு போனா சொதப்பும். மூணாவது ஜிஎம்எஸ்ஸோட பெக் 100 ஸ்டியரேட் கலந்தது, ஆர்லசெல் 165ன்னு ஒரு பேர்ல வரும், இதுக்கு அமிலம் பிரச்சனை இல்ல. பில்லுல ஜிஎம்எஸ்னு மட்டும் எழுதியிருந்தா ஒத்துக்காதீங்க, சர்டிஃபிகேட் ஆஃப் அனாலிசிஸ் கேட்டு வாங்கி முழுப் பேரையும் பாருங்க.

நீங்க போட்ட இமல்சிஃபையிங் வேக்ஸும் இதே குழப்பம் தான். அமெரிக்க முறைல என்எஃப் போட்டு வர்றது செட்டியரைல் ஆல்கஹாலும் பாலிசார்பேட் 60ம். பிரிட்டிஷ் முறைல பிபி போட்டு வர்றது பத்துல ஒம்பது பங்கு செட்டோஸ்டியரைல் ஆல்கஹால், ஒரு பங்கு சோடியம் லாரைல் சல்ஃபேட், ஆமாங்க ஷாம்பூல போடற அதே எஸ்எல்எஸ், தோல்ல தேச்சு அப்படியே விடற லோஷனுக்கு அது எரிச்சல் குடுக்கும். செட்டோமேக்ரோகால் வேக்ஸ்னு இன்னொண்ணு இருக்கு, அது எஸ்எல்எஸ் இல்லாதது. உங்களுக்கு வந்தது எதுன்னு தெரியாம எண்ணெய் ஏன் பிரிஞ்சுதுன்னு நான் அடிச்சு சொல்ல முடியாது, ஆனா சாக்குல இருந்து அள்ளி லூஸ்ல குடுக்கற வேக்ஸ்னா அத மாத்துங்க.

பாலிசார்பேட், அதாவது ட்வீன் வகைகள பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும், இது நிறைய பேருக்கு புதுசா இருக்கும். ட்வீன் தண்ணில கரையும்போது குட்டி குட்டி உருண்டையா சேந்துக்கும், மைசெல்னு சொல்லுவாங்க. கிருமி இருக்கறது தண்ணில, ஆனா ப்ரிசர்வேட்டிவ் போய் அந்த உருண்டைக்குள்ள உக்காந்துக்கும். காவலுக்கு வெச்ச ஆள் வாசல விட்டுட்டு உள்ள போய் பாய் விரிச்சு படுத்துக்கிட்ட மாதிரி தான். பாராபென்ங்கற ப்ரிசர்வேட்டிவ் வகை இதுல ரொம்ப மோசமா மாட்டும், ட்வீன் 80 ஒரு 5% இருந்தா போட்ட மெத்தில் பாராபென்ல சுமார் 22% மட்டும் தான் தண்ணில வேலைக்கு நிக்கும், ப்ரொப்பைல் பாராபென்னா 5%க்கும் கீழ. இதுக்கு ஒரு வேடிக்கையான சாட்சி இருக்கு, மைக்ரோபயாலஜி லேப்ல க்ரீம சோதிக்கும்போது அதுல இருக்கற ப்ரிசர்வேட்டிவ் தட்டுல வந்து கிருமிய வளரவிடாம தடுக்கக்கூடாதுன்னு அத முடக்கறதுக்கு ஒரு கரைசல் போடுவாங்க, அதுல முக்கியமா இருக்கறதே ட்வீன் 80ம் லெசித்தினும் தான். லேப்காரன் ப்ரிசர்வேட்டிவ ஆஃப் பண்ண வெச்சிருக்கற சாமான நம்ம ஆளுங்க நேச்சுரல் இமல்சிஃபையர்னு லெசித்தின கிலோ கணக்குல போடறாங்க. லெசித்தின் கெட்டதுன்னு சொல்லல, போட்டா ப்ரிசர்வேட்டிவ் கணக்க மாத்தணும்னு சொல்றேன்.

எண்ணெயும் இதே வேலைய பண்ணும். எண்ணெய்ல நல்லா கரையற ப்ரிசர்வேட்டிவ் எண்ணெய் பக்கம் ஓடிரும், எண்ணெய் 30% இருக்கற கெட்டி க்ரீமுக்கும் 10% இருக்கற லோஷனுக்கும் ஒரே அளவு போட்டா ஒரே பாதுகாப்பு கிடைக்காது.

சரி, எந்த இமல்சிஃபையர். கணக்கு தெரிஞ்சுக்க ஆசைன்னா எச்எல்பின்னு ஒரு முறை இருக்கு, 1949ல கிரிஃபின்ங்கறவர் அட்லஸ் பவுடர் கம்பெனில இருந்தப்ப போட்டது. ஒவ்வொரு நான்-அயானிக் இமல்சிஃபையருக்கும் ஒரு நம்பர், நம்பர் கம்மியா இருந்தா எண்ணெய் பக்கம், ஜாஸ்தியா இருந்தா தண்ணி பக்கம். ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவைப்படற நம்பர் ஒண்ணு. தேங்காயெண்ணெய்க்கு 8 கிட்ட, செட்டைல் ஆல்கஹாலுக்கு 15.5 கிட்ட. 10 பங்கு தேங்காயெண்ணெய், 2 பங்கு செட்டைல் ஆல்கஹால்னா சராசரி 9.25 வருது. ஸ்பான் 60க்கு 4.7, ட்வீன் 60க்கு 14.9, இது ரெண்டையும் 55க்கு 45ன்னு கலந்தா அந்த 9.25 கிடைச்சிரும். அழகா இருக்கும் கணக்கு. ஆனா எவ்வளவு போடணும்னு சொல்லாது, சூட்டுல நிக்குமான்னு சொல்லாது, சோப்பு வகைக்கும், கண்டிஷனர்ல போடற பாசிட்டிவ் சார்ஜ் உள்ள பிடிஎம்எஸ்ஸுக்கும் பொருந்தாது. ஆரம்பப் புள்ளின்னு எடுத்துக்கோங்க, அதுக்கு மேல நம்பாதீங்க.

உங்க லோஷனுக்கு நான் போடறதுன்னா ஜிஎம்எஸ்-பெக் 100 கலவை 4%, செட்டைல் ஆல்கஹால் 2%, தண்ணில கெட்டியாக்க சாந்தன் கம் 0.25% அப்படின்னு தான் ஆரம்பிப்பேன். செட்டியரைல் ஆலிவேட் - சார்பிட்டன் ஆலிவேட் இருக்கே, ஆலிவெம் 1000ன்னு வர்றது, தடவினா அருமையா இருக்கும், பெக் இல்லைன்னு லேபிள்ல பெருமையா போட்டுக்கலாம், ஆனா வெல ஜாஸ்தி, அதோட பினாக்ஸிஎத்தனால்ங்கற ப்ரிசர்வேட்டிவ் சேந்தா சில ஃபார்முலால நீத்துப் போகுது, மொதல் தடவை பண்றவங்க கைக்கு அது கொஞ்சம் நேரம் எடுக்கும். மான்டனோவ் 68ன்னு செட்டியரைல் குளுக்கோசைட் வகை நல்லா இருக்கும், பெக்கே வேணாம்னு நீங்க முடிவா இருந்தா அத எடுங்க.

எண்ணெய் பிரிஞ்சதுக்கு இன்னொரு காரணம் ஊரு. தேங்காயெண்ணெய் 24 டிகிரி கிட்ட உறையும். மேல மார்கழி மாசத்துல உங்க லோஷனுக்குள்ள எண்ணெய் துளி உறைஞ்சு சொரசொரன்னு இருக்கும், அதே டப்பா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து சேலத்து வெயில்ல நின்னா முழுசா உருகும். உறைஞ்சு உருகி உறைஞ்சு உருகி துளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாகி மேல வந்துரும். தேங்காயெண்ணெய பாதியாக்கி மீதிய நல்லெண்ணெயோ சூரியகாந்தியோ போடுங்க, மொத்த எண்ணெய் 10, 12%க்குள்ள வெச்சுக்கோங்க. ரெண்டு பக்கத்தையும், எண்ணெய் தண்ணி ரெண்டையும், 75 டிகிரிக்கு கொண்டு வந்து ஒண்ணா ஊத்தி ஸ்டிக் ப்ளெண்டர்ல அடிங்க, கரண்டில கலக்கினா துளி சின்னதாகாது. மே மாசம் கோடை விழாவுக்கு ஸ்டாக் போடறதா இருந்தா பிப்ரவரிலயே ஒரு பேட்ச் பண்ணி 45 டிகிரில சில வாரம் வெச்சு பாத்துருங்க, சின்ன இன்குபேட்டர் ஒண்ணு இருந்தா போதும். தெரிஞ்ச லேப்காரங்க யாராச்சும் இருந்தா சென்ட்ரிஃப்யூஜ்ல 3000 ஆர்பிஎம் அரை மணி நேரம் சுத்தி தரச் சொல்லுங்க, அதுலயே பிரியறது கடைல நிக்கவே நிக்காது.

தண்ணி. சேலத்துக்காரங்களுக்கு இத சொல்லித் தெரிய வேண்டியதில்ல, மாமாங்கம் கருப்பூர் பக்கம் மேக்னசைட்ட வெள்ளை வெள்ளையா தோண்டி எடுக்கற ஊர்ல போர் தண்ணி எப்படி இருக்கும்னு பக்கெட்ல படிஞ்ச வெள்ளைய பாத்தாலே போதும். மேக்னீசியம், கால்சியம் ரெண்டும் க்ரீமுக்கு எதிரி, சோப்பு வகை இமல்சிஃபையர திரிக்கும், அதோட சூடோமோனாஸ் மாதிரி கிருமிகளோட வெளிச்சுவர் உறுதியா நிக்கறதே இந்த ரெண்டு உலோகத்தால தான். அதனாலதான் டைசோடியம் இடிடிஏ 0.1% போடச் சொல்றாங்க, அது இந்த உலோகங்கள புடிச்சுக்கும், சுவர் பலவீனமாகும், ப்ரிசர்வேட்டிவ் சுலபமா உள்ள போகும். தனியா அது ப்ரிசர்வேட்டிவ் இல்ல, ஆனா அது இல்லாம ப்ரிசர்வேட்டிவ அளவுக்கு மேல போட்டுக்கிட்டு இருப்பீங்க. நேச்சுரல்தான் வேணும்னா சோடியம் ஃபைட்டேட். தண்ணி டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கோங்க, லோஷனுக்கு முக்கால் பங்கு தண்ணி தானே, அதுல மிச்சம் புடிக்கறது சரியில்ல. ஆர்ஓ தண்ணி உப்பு கம்மியா இருக்கும், ஆனா டேங்க்லயும் குழாய்லயும் வழவழன்னு படியுதே அதெல்லாம் கிருமி தான். பேட்டரி வாட்டர் வேணவே வேணாம், அத யாரும் தோலுக்குன்னு தயாரிக்கறதில்ல.

டிகாஷன எடுத்துருங்கக்கா. நான் ஏன் கடுமையா சொல்றேன்னா அது கிருமிக்கு சாப்பாடு, ஃபில்டர் பண்ணாலும் சர்க்கரையும் புரதமும் அதுல இருக்கும், பேட்சுக்கு பேட்ச் பிஎச் மாறும். காப்பின்னு சொல்லி விக்கணும்ல, அதுக்கு வறுத்த பொடிய காஞ்ச பாத்திரத்துல எண்ணெய்ல ஊற வெச்சு வடிகட்டுங்க, வாசனை நல்லா எண்ணெய்ல இறங்கும், அத எண்ணெய் பக்கத்துல சேருங்க. காஃபின் வேணும்னா சுத்தமான காஃபின் பவுடர் 0.5%, 1% தண்ணில கரைச்சுக்கலாம், 2% வரைக்கும் சாதாரண சூட்டுலயே கரையும். சோத்துக்கத்தாழை ஜெல்ல செடில இருந்து வழிச்சு போடறது, ஆட்டுப்பால், தேன் தண்ணி, எல்லாத்துக்கும் இதே பதில். ஒருத்தர் பிசுபிசுப்பு போக மரவள்ளி மாவு போடலாமான்னு கீழ கேட்டிருந்தாரு, சேலத்துல அது கேக்காம எப்படி இருப்பாங்க. போடலாம், 1, 2% போட்டா எண்ணெய்ப் பசை தெரியாம பவுடர் மாதிரி காயும், ஆனா செவ்வாப்பேட்டைல மூட்டைல வாங்கின சமையல் மாவ போடாதீங்க, அதுல இருக்கற பேசிலஸ் ஸ்போர் 75 டிகிரிக்கெல்லாம் சாகாது, காஸ்மெட்டிக் கிரேடு, மைக்ரோபியல் ரிப்போர்ட்டோட வாங்குங்க.

இப்ப ப்ரிசர்வேட்டிவ். இமல்சிஃபையர் அமிலம் தாங்கும், பிஎச்ச 5.0ல இருந்து 5.2க்குள்ள லாக்டிக் ஆசிட் சொட்டு சொட்டா விட்டு கொண்டு வரலாம், எண்ணெய் கம்மி, டிகாஷன் இல்ல. இந்த சூழலுக்கு நான் சொல்றது பினாக்ஸிஎத்தனால் - எத்தில்ஹெக்சில்கிளிசரின் கலவை 0.9%, கூட பொட்டாசியம் சார்பேட் 0.3%. பினாக்ஸிஎத்தனால் பாக்டீரியாவுக்கு நல்லா வேலை செய்யும், பிஎச் பத்தி பெருசா கவலைப்படாது, பூஞ்சை விஷயத்துல தான் கொஞ்சம் சோனி, உங்க பிரச்சனையே பூஞ்சை, மேல பனி புடிச்ச காத்துல பூஞ்சை விதை சும்மா மிதந்துக்கிட்டு இருக்கும். அந்த ஓட்டைய சார்பேட் அடைக்கும். பென்சோயேட்ட விட சார்பேட் ஏன்னா அதோட கணக்கு பிஎச் 4.76ல பாதி, பிஎச் 5ல இன்னும் 36% வேலைக்கு நிக்குது, பென்சோயேட்டுக்கு அதே இடத்துல 14 தான். சார்பேட் நாளாக நாளாக மஞ்சளாகும், வெள்ளை க்ரீம்னா யோசிப்பேன், காப்பி கலர் லோஷன்ல யாருக்கு தெரியப்போகுது. பினாக்ஸிஎத்தனால் உச்சவரம்பு 1%, அந்த கலவைல பத்துல ஒம்பது பங்கு தான் அது, அதனால வரம்புக்குள்ளயே இருக்கீங்க, சார்பேட்டுக்கு ஆசிட் கணக்குல 0.6%. ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு ரெண்டு மடங்கு போட வேணாம், தோலு எரியும். சார்பேட்ட தண்ணில கரைச்சிருங்க, கலவைய மட்டும் 40 டிகிரிக்கு ஆறினதுக்கப்புறம் சேருங்க, சேத்துட்டு கடைசியா பிஎச் திரும்ப அளங்க, ஏன்னா சார்பேட் போட்டா பிஎச் கொஞ்சம் ஏறும். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை.

பிஎச் மீட்டர் பேனா மாதிரி வர்றதே போதும், ஆனா 4.01, 7.00 பஃபர்ல செட் பண்ணாம அளந்தா அது காட்டறது வெறும் நம்பர். கெட்டி க்ரீம்ல நேரா குத்தாதீங்க, ஒரு பங்கு க்ரீமுக்கு ஒம்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து அளங்க.

பினாக்ஸிஎத்தனாலே வேணாம், ஆர்கானிக் முத்திரைக்கு போகணும்னா, காஸ்மாஸ் மாதிரி முத்திரைக்கு அது ஒத்து வராது தான், அப்ப பென்சைல் ஆல்கஹால் - டீஹைட்ரோஅசிட்டிக் ஆசிட் கலவை எடுங்க, ஜியோகார்டு 221ன்னு வரும், பிஎச் 6 வரைக்கும் ஓரளவு தாங்கும், வாசனை லேசா வாதுமை மாதிரி அடிக்கும், காப்பி வாசனைல அடங்கிரும்.

பாராபென் கேக்கவே பயப்படறாங்க எல்லாரும். 2004ல 20 மார்பகக் கட்டி சாம்பிள்ல பாராபென் இருந்ததுன்னு ஒரு ஆய்வு வந்தது, அது தான் ஆரம்பம், அதால தான் புத்துநோய் வந்ததுன்னு அந்த ஆய்வு காட்டவும் இல்ல. ஐரோப்பால ஐசோப்ரொப்பைல், ஐசோபியூட்டைல் மாதிரி சில பாராபென தடை பண்ணாங்க, ப்ரொப்பைல் பியூட்டைல்க்கு வரம்ப குறைச்சாங்க, மெத்தில் எத்தில் ஒண்ணொண்ணும் 0.4% வரைக்கும் இன்னைக்கும் அங்க அனுமதி தான். பாராபென விட்டு ஓடினவங்க நிறைய பேர் போய் விழுந்தது மெத்தில்ஐசோதயசோலினோன்ல, அது அலர்ஜிய கெளப்பி 2013ல அமெரிக்க தோல் அலர்ஜி மருத்துவர் சங்கம் அத அந்த வருஷத்து அலர்ஜென்னு அறிவிச்சாங்க, 2017ல இருந்து ஐரோப்பால தடவி விடற பொருள்ல அது கூடாதுன்னு ஆயிருச்சு. பாராபென் ஃப்ரீன்னு லேபிள் போட்டா உங்க கடைக்கு வியாபாரம் நடக்கும்னா போட்டுக்கோங்க, நான் தடுக்கல, பாதுகாப்பு காரணம்னு மட்டும் நம்பாதீங்க.

வைட்டமின் ஈ ப்ரிசர்வேட்டிவ் இல்லைங்க. எண்ணெய் சிக்கு வாடை வராம இருக்க உதவும், கிருமிய ஒண்ணும் பண்ணாது, தேங்காயெண்ணெய் சுலபமா சிக்கு புடிக்காத எண்ணெய் வேற, அதனால இதுவரைக்கும் நீங்க போட்டது கிட்டத்தட்ட வீண் செலவு. நல்லெண்ணெய் சேத்தா அப்ப 0.3% போடுங்க. ரோஸ்மேரி எக்ஸ்ட்ராக்ட்டும் அதே ரகம். கிரேப்ஃப்ரூட் விதை எக்ஸ்ட்ராக்ட் இயற்கை ப்ரிசர்வேட்டிவ்னு விக்கறாங்களே, அத சோதிச்சு பாத்தப்ப பல பாட்டில்ல பென்சீத்தோனியம் க்ளோரைடு மாதிரி செயற்கை கிருமிநாசினி தான் இருந்தது, வேலை செஞ்சது அதுதான். மஞ்சள், வேப்பிலை, துளசி போட்டா போதும்னு சொல்றவங்களுக்கு, பொடியாவோ இலையாவோ சேத்தா அதுவே கிருமிய கூட்டிக்கிட்டு தான் வரும்.

கெமிக்கலே வேணாம்ங்கற கேள்விக்கு நேர்மையான பதில், தண்ணிய எடுத்துருங்க. தண்ணி இல்லைன்னா கிருமி வளராது, இமல்சிஃபையரும் வேணாம். நம்ம பக்கம் அரப்புத்தூள், சீயக்காய்த்தூள் வருஷக்கணக்கா டப்பால இருக்கறது அதனால தான், குளிக்கறப்ப தண்ணி விட்டு குழைச்சு அன்னைக்கே தீத்துருவாங்க. எண்ணெயும் மெழுகும் மட்டும் போட்ட காப்பி பாம் பண்ணலாம், ஏரிக்கரைல டூரிஸ்ட் வாங்கறதுக்கு அது லோஷன விட சுலபமா ஓடும்னு கூட தோணுது. காப்பி ஸ்க்ரப் மட்டும் விதிவிலக்கு, எண்ணெய்லயே பண்ணாலும் பாத்ரூம்ல ஈரக்கைய விட்டு எடுப்பாங்க, அதனால அதுல எண்ணெய்ல கரையற ப்ரிசர்வேட்டிவ் போட்டு, வாய் சின்னதா இருக்கற ட்யூப்ல அடைங்க. லோஷனுக்கும் டப்பாவ விட்டுட்டு பம்ப் பாட்டிலுக்கு மாறுங்க, பாதி தொல்ல குறையும். பாட்டில கழுவி ஈரத்தோட அடைக்காதீங்க, மூடி உள்பக்கம் நிக்கற சொட்டுல ப்ரிசர்வேட்டிவே கிடையாது, உங்க கருப்பு புள்ளி மூடிக்கு அடில வந்தது தற்செயல் இல்ல. சூடா இருக்கும்போதே மூடினாலும் அதே ஆவி சொட்டு தான். துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 70%, 99% வேணாம், கொஞ்சம் தண்ணி இருந்தாத்தான் அது கிருமிய ஒழுங்கா கொல்லும்.

கடைசில கேட்ட ஹேர் கண்டிஷனருக்கு பிடிஎம்எஸ் 50 எடுங்க, 5% போதும். அது பாசிட்டிவ் சார்ஜ் உள்ளது, முடில ஒட்டிக்கும், பிஎச் 4.5 கிட்ட சந்தோஷமா இருக்கும், அதனால அங்க பென்சோயேட் வேலை செய்யும், நீங்க வாங்கி வெச்சிருக்கற மீதி பவுடர அதுல தீத்துக்கலாம். கெட்டியாக்கற கார்போமர் அதுல போட்டுறாதீங்க, எதிர் சார்ஜ், கட்டி கட்டியா திரியும், சாந்தனும் சந்தேகம் தான்.

இவ்வளவும் பண்ணிட்டு சோதிக்காம விக்கக்கூடாது. சாலஞ்ச் டெஸ்ட்னு கேளுங்க, ஐஎஸ்ஓ 11930 முறை. ஸ்டஃபைலோகாக்கஸ், சூடோமோனாஸ், ஈகோலி, கேண்டிடா, ஆஸ்பர்ஜில்லஸ் அஞ்சையும் வேணும்னே லோஷன்ல விட்டு 28 நாள் எப்படி குறையுதுன்னு பாப்பாங்க. கோயம்புத்தூர், சென்னைல என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கற தனியார் லேப்ல கேட்டு பாருங்க. காசு ஆகும், அதனால ஃபார்முலா, பாட்டில் எல்லாம் முடிவான பிறகு அனுப்புங்க, அதுக்கப்புறம் எண்ணெய மாத்தினாலோ இமல்சிஃபையர மாத்தினாலோ அந்த ரிப்போர்ட் செல்லாது. நடுவுல பேட்ச் பாக்கறதுக்கு, கிருமி வளருதான்னு காட்டற டிப் ஸ்லைடுன்னு ஒரு பட்டை கிடைக்குது, ஒரு பக்கம் பாக்டீரியா ஒரு பக்கம் பூஞ்சை, அது சாலஞ்ச் டெஸ்டுக்கு பதில் ஆகாது, ஆனா மோசமான பேட்ச் வெளிய போகாம தடுக்கும்.

லைசென்ஸ் பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ் 2020 படி விக்கறதுக்கு தயாரிச்சா மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறைல லைசென்ஸ் வாங்கணும், காஸ்-5 ஃபாரத்துல அப்ளை பண்ணா காஸ்-8 ஃபாரத்துல குடுப்பாங்க, தயாரிக்கற இடம் குடியிருக்கற வீட்டோட சேந்து இருக்கக்கூடாது. ஷெட்ட அந்த அளவுக்கு தயார் பண்ண இப்ப முடியாதுன்னா ஏற்கனவே லைசென்ஸ் இருக்கற யூனிட்ல இடம் புடிச்சு லோன் லைசென்ஸ், அதுக்கு காஸ்-6ல அப்ளை பண்ணி காஸ்-9. எந்த ப்ரிசர்வேட்டிவ் எவ்வளவு வரைக்கும்ங்கற பட்டியல் இந்திய தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸோட ஐஎஸ் 4707 ரெண்டாம் பாகத்துல இருக்கு, சாமான் வாங்கறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ பாத்துக்கோங்க.